பரோட்டா மாவு மாதிரி அடிச்சா போச்சு... இரும்புச் சட்டியில் வேகும் அமெரிக்க 'மோர் பிஸ்கட்' கதை!

பிஸ்கட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, டீயில் முக்கி எடுப்பதற்குள் பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்துவிடும் அந்த மொறுமொறு வில்லைதான். அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போய் பிஸ்கட் கேட்டால் வேறொன்று வரும். உள்ளங்கையில் அடங்குகிற உயரமான வட்டம். மேலே பொன்னிறம், அடியில் மொறுமொறுப்பு, உள்ளே மெத்மெத். பிட்டால் ஏடு ஏடாகப் பிரியும். ஆவி பறக்க இரண்டாகப் பிளந்து, நடுவில் வெண்ணெய் வைத்துக் காலைப் பலகாரமாகச் சாப்பிடுவார்கள். டென்னஸி, ஜார்ஜியா, அலபாமா, வர்ஜீனியா பக்கத்து வீடுகளில் நம் ஊர் இட்லிக்கு இருக்கும் மரியாதை இதற்கு உண்டு.

'பிஸ்கட்' என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் 'இருமுறை சுட்டது' என்று பொருள். கப்பல் பயணத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, சுட்டதையே மறுபடியும் சுட்டுக் காயவைத்த காலத்துப் பெயர் அது. அமெரிக்காவின் இந்த பிஸ்கட்டோ ஒரே ஒரு முறைதான் சுடப்படுகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கறுத்த இரும்புச் சட்டியில் நெருக்கி அடுக்கிய மாவு வட்டங்கள் ஓவனுக்குள் போய், ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு எழும்பி வரும் வீடியோக்களை நீங்களும் ரீல்ஸில் பார்த்திருக்கலாம். பார்த்தால் ரொம்ப சுலபம் போலத் தெரியும். மைதா, வெண்ணெய், மோர், உப்பு, சோடா... அவ்வளவுதான் பொருள்கள். ஆனால் நம்மூர்க் கைக்கு இதில் ஒரு பெரிய சவால் இருக்கிறது. மாவு என்றால் நாம் என்ன செய்வோம்? சப்பாத்திக்கு அழுத்திப் பிசைவோம். பரோட்டாவுக்கு மாஸ்டர் மேடையில் ஓங்கி அடித்து, விசிறி, இழுத்து மென்மையாக்குவார். 'நல்லா பிசைஞ்சாதான் சாஃப்டா வரும்' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மோர் பிஸ்கட்டில் அந்தப் பாடத்தை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பிசையவே கூடாது. எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு மென்மை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே தென்மாநிலங்களில் ஒரு காலத்தில் பிஸ்கட் மாவைக் கட்டையால் அடித்தார்கள். சும்மா இல்லை, அரை மணி நேரம்.

அடித்த கைகள்

அந்தப் பழைய பலகாரத்துக்குப் பெயரே 'பீட்டன் பிஸ்கட்', அதாவது அடித்த பிஸ்கட். சோடா, ஈஸ்ட் எதுவும் கிடையாது. மாவு, பன்றிக்கொழுப்பு, உப்பு, கொஞ்சம் பால் அல்லது தண்ணீர். இந்தக் கெட்டி மாவை மரக்கட்டை மேல் போட்டு, உலக்கை போன்ற கட்டையாலோ கோடரியின் பின்பக்கத்தாலோ அடிக்க வேண்டும். மடித்து மறுபடி அடிக்க வேண்டும். மாவு பளபளவென்று ஆகி, மேலே கொப்புளம் கொப்புளமாக வரும்வரை விடக் கூடாது. வீட்டாருக்கு என்றால் இத்தனை அடி, விருந்தாளி வந்தால் அதைவிடக் கூடுதல் அடி என்று கணக்கு வேறு.

அடித்தது யார்? பெரிய தோட்ட வீடுகளில் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள். விடிவதற்கு முன்பே எழுந்து அடித்தால்தான் எஜமானர் வீட்டுக் காலை உணவு மேஜைக்கு நேரத்துக்கு வந்து சேரும். 'தெற்கத்தி விருந்தோம்பல்' என்று அமெரிக்காவில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் அல்லவா... அந்த விருந்தோம்பலின் மேஜையில் இருந்த பண்டங்களில் ஒன்று, வேறொருவரின் தோள்வலியில் செய்யப்பட்டது. பாராட்டு வீட்டு எஜமானிக்கு. அடித்தவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. 1865-ல் அமெரிக்க அரசியலமைப்பின் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அதன் பிறகும் பல காலம் அதே அடுப்படிகளில் அதே கைகள் சொற்பக் கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தன.

அந்த அரை மணி நேர அடியைத் தேவையில்லாமல் செய்தது ஒரு வெள்ளைப் பொடி. 1796-ல் வெளியான அமேலியா சிம்மன்ஸின் சமையல் புத்தகத்திலேயே, மரச் சாம்பலிலிருந்து எடுத்த காரம் ஒன்றை மாவு உப்புவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1846-ல் நியூயார்க்கில் ஜான் ட்வைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் சமையல் சோடாவைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். 1850-களில் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் என்ற வேதியியல் பேராசிரியர் பேக்கிங் பவுடருக்கு வழிவகுத்தார். வீடுகளிலோ, வெண்ணெய் கடைந்த பிறகு மிஞ்சும் புளித்த மோர் தாராளமாக இருந்தது. ஃப்ரிட்ஜ் இல்லாத, நம்மூர் போலவே புழுங்கும் தெற்கில் பால் சீக்கிரம் கெட்டுவிடும், மோர் தாங்கும். புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு குமிழ் குமிழாகக் கிளம்பும். மாவு தானாக எழும்பும். அடிக்கவே வேண்டாம்!

ஆனாலும் அடித்த பிஸ்கட் உடனே மறைந்துவிடவில்லை. பெரிய வீடுகளின் அந்தஸ்து அடையாளமாக ரொம்ப நாள் நீடித்தது. அடிப்பதற்குப் பதிலாக மாவை நசுக்கித் தள்ளும் உருளை இயந்திரம்கூட வந்தது. சாமானியர் வீடுகளில் ஜெயித்தது மோர் பிஸ்கட்தான்.

தெற்கின் கோதுமை தனி ரகம்

ஏன் தெற்கில் மட்டும் இது இவ்வளவு வேரூன்றியது? காரணம் கோதுமை. அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளில் விளைவது புரதம் அதிகமுள்ள கெட்டி ரகம். ஈஸ்ட் ரொட்டிக்கு அது பிரமாதம். தெற்கில் விளைந்தது மிருதுவான குளிர்காலக் கோதுமை. அதில் புரதம் குறைவு, பிசைந்தால் வரும் குளூட்டன் என்ற ரப்பர் போன்ற வலையும் பலவீனம். ரொட்டிக்குக் குறையாக இருந்த இந்த குணமே பிஸ்கட்டுக்கு வரமானது. 1883-ல் டென்னஸியின் நாக்ஸ்வில் நகரத்தில் தொடங்கிய 'வொயிட் லில்லி' மாவு இந்த ரகத்தை வைத்தே பேர் வாங்கியது. பல தலைமுறைப் பாட்டிகளுக்கு அந்த மாவு இல்லாவிட்டால் பிஸ்கட்டே இல்லை. 2008-ல் நாக்ஸ்வில் ஆலையை மூடி உற்பத்தியை வேறு இடத்துக்கு மாற்றியபோது, 'பழைய மாவு மாதிரி இல்லையே' என்று தெற்கில் எழுந்த புலம்பல் அமெரிக்கப் பத்திரிகைகள் வரை போனது. நம் வீடுகளில் வழக்கமான இட்லி அரிசி மாறினால் என்ன ரகளை நடக்குமோ, அதேதான்.

பிஸ்கட்டை வெட்டும் வட்ட அச்சுக்கும் ஒரு பெயர் உண்டு. 1875-ல் அலெக்ஸாண்டர் ஆஷ்போர்ன் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் பிஸ்கட் வெட்டும் கருவிக்கு காப்புரிமை பெற்றார். 1931-ல் கென்டக்கியின் லைவ்லி வில்லோபி, தயாராக வெட்டிய மாவை அட்டை டப்பாவில் அடைத்து விற்கும் முறைக்கு உரிமை வாங்கினார். டப்பாவைத் தட்டினால் 'டப்' என்று வெடித்துத் திறக்கும். இன்றைக்கும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கிறது. வசதிதான், ருசி வேறு.

கடையில் எவ்வளவு வந்தாலும், கையால் செய்கிற பிஸ்கட்டின் மரியாதையைக் காப்பாற்றியவர்களில் எட்னா லூயிஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1916-ல் வர்ஜீனியாவின் ஃப்ரீடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. உருவாக்கியவர்களில் அவர் தாத்தாவும் ஒருவர். எட்னாவின் சின்ன வயதில் அந்த வீட்டில் அளவுக் கரண்டி கிடையாது. பேக்கிங் பவுடரை நாணயத்தின் மேல் குவித்து அளந்தார்கள்! பிறகு நியூயார்க் போய்ப் புகழ்பெற்ற சமையல் கலைஞரானார். 1976-ல் வந்த அவரின் 'தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்' புத்தகம், தெற்கத்திச் சமையல் என்றால் மாளிகைச் சமையல் என்ற நினைப்பை உடைத்து, விடுதலை பெற்ற கறுப்பின விவசாயக் குடும்பங்களின் அடுப்படியை எழுத்தில் வைத்தது. கடை பேக்கிங் பவுடரில் வரும் உலோக வாடை பிடிக்காமல், க்ரீம் ஆஃப் டார்ட்டர் இரண்டு பங்கு, சோடா ஒரு பங்கு என்று தானே கலந்துகொண்டார் எட்னா. 2006-ல் மறைந்த அவருக்கு 2014-ல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது.

தோசைக்கல்லின் ஒன்றுவிட்ட தம்பி

சரி, சட்டிக்கு வருவோம். ஸ்கில்லெட் என்பது வார்ப்பிரும்பில் செய்த தட்டையடிச் சட்டி. நீளமான கைப்பிடியும் அதே இரும்பில்தான் இருக்கும். டென்னஸியின் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் 1896-ல் ஜோசப் லாட்ஜ் தொடங்கிய வார்ப்பாலை, 1910-ல் தீப்பிடித்து எரிந்து, 'லாட்ஜ்' என்ற பெயரில் மறுபடி எழுந்து, இன்றும் அதே ஊரில் ஓடுகிறது. தெற்கில் இந்தச் சட்டிகளைப் பாட்டி பேத்திக்குக் கொடுப்பார். இதெல்லாம் நமக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தோசைக்கல்லில் யாராவது சப்பாத்தி சுட்டுவிட்டால் அம்மா அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார்.

நாம் கல்லைப் 'பழக்குவது' என்கிறோமே, அதேதான் அங்கேயும். மெல்லிசாக எண்ணெய் தடவி நன்றாகச் சூடேற்றும்போது, எண்ணெய் வெறும் பிசுக்காக நிற்காமல் இறுகி, இரும்போடு ஒட்டிய கறுப்புப் படலமாகிவிடுகிறது. ஒட்டாத தன்மை அந்தப் படலத்தால்தான் வருகிறது. பிஸ்கட்டுக்கு இரும்பு ஏன் என்றால், சூடாக நேரமாகும், ஆனால் சூடானால் விடாது. குளிர்ந்த மாவை வைத்தாலும் சட்டி சட்டென்று ஆறிப்போகாது. அடிப்பக்கம் வெண்ணெயில் வறுபட்ட மாதிரி மொறுமொறுப்பாகிவிடும்.

நம் வீட்டு இரும்பு வாணலி குழிந்த அடி என்பதால் இதற்குச் சரிவராது. தட்டையான வார்ப்பிரும்புத் தவா, ஓரம் கொஞ்சம் உயரமாக இருந்தால் போதும். மரம், பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளதை ஓவனுக்குள் வைத்துவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய...

முதலில் மோர் பஞ்சாயத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்க ரெசிப்பியில் 'பட்டர் மில்க்' என்று பார்த்ததும், தண்ணீர் ஊற்றிக் கரைத்த நம் நீர்மோரை எடுத்துவிடக் கூடாது. இப்போது அங்கே கடைகளில் கிடைப்பது பாலில் கிருமி சேர்த்துப் புளிக்கவைத்த கெட்டியான மோர். நன்றாகப் புளித்த தயிர் முக்கால் பங்கு, பால் கால் பங்கு சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்தால் பதம் கிட்டத்தட்ட வந்துவிடும். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருக்க வேண்டும். கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாம் இன்னொரு நாளைக்கு.

சின்ன சட்டிக்கு ஏழு பிஸ்கட் வரும் அளவு இது. மைதா 250 கிராம் (2 கப்), பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம், மோர் 180 மில்லி. நம் மைதா தெற்கத்தி மாவைவிட இழுவை கூடுதலாக இருந்தால், கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்ன்ஃப்ளார் சேர்க்கலாம். பழைய செய்முறையில் பன்றிக்கொழுப்பு உண்டு. வெண்ணெய் போட்டால் சைவம்.

ஓவனை 230 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். இதில் சோம்பல் கூடாது. மாவு உள்ளே போனதும் பளிச்சென்று சூடு தாக்கினால்தான் உயரும்.

அடுத்தது வெண்ணெய். இந்தப் பலகாரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெண்ணெய் உருகாமல், கட்டியாகவே மாவுக்குள் இருக்க வேண்டும். ஓவனுக்குள் போனதும் ஒவ்வொரு துண்டும் உருகி, அதில் இருக்கும் நீர் ஆவியாகி மாவை மேலே தள்ளும். ஏடு ஏடாகப் பிரிவது அதனால்தான். முன்பே உருகிவிட்டால் ஏடு வராது, எண்ணெய்ப் பசையோடு தட்டையாகிவிடும். வெண்ணெய் முப்பது டிகிரியைத் தாண்டியதுமே கசியத் தொடங்கும் பண்டம். சென்னை மே மாதத்து சமையலறையில் அது எத்தனை நிமிடம் தாங்கும் என்று சொல்ல வேண்டுமா? அதனால் வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து, கேரட் துருவியில் துருவுங்கள். மைதாவையும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். மோரும் ஜில்லென்று இருக்கட்டும். சமைக்க நல்ல நேரம் விடியற்காலை.

உலர்ந்த பொருள்களைக் கலந்து, துருவிய வெண்ணெயைப் போட்டு, விரல் நுனியால் புட்டு மாவுக்குப் பிசிறுவது போல லேசாகப் பிசிறுங்கள். புட்டு கைவந்தவர்களுக்கு இந்தக் கட்டம் தண்ணீர்பட்ட பாடு. நடுவில் குழி செய்து மோரை ஊற்றி, கரண்டியால் பத்து, பன்னிரண்டு சுற்று. உதிரி மாவு அங்கங்கே தெரிய, பார்க்கவே அரைகுறையாக இருக்கும். 'இன்னும் ரெண்டு பிசை பிசைஞ்சா சேர்ந்துடும்' என்று கை துறுதுறுக்கும். விடாதீர்கள். பலகையில் மாவு தூவிக் கொட்டி, கையால் தட்டிச் சதுரமாக்கி, போர்வை மடிப்பது போல மடித்து, மறுபடி தட்டி... இப்படி மூன்று, நான்கு தடவை. சப்பாத்திக் கட்டை வேண்டாம். கடைசியில் ஓர் அங்குல கனம்.

ஐந்தரை சென்டிமீட்டர் அகலமுள்ள, ஓரம் கூரான டப்பா மூடியோ டம்ளரோ எடுத்து, மாவில் முக்கி, நேராகக் கீழே அழுத்தி நேராக மேலே எடுங்கள். திருகினால் ஓரத்து ஏடுகள் ஒட்டி மூடிக்கொள்ளும், பிஸ்கட் ஒரு பக்கமாகச் சாயும். மிச்ச மாவைச் சேர்த்துத் தட்டி வெட்டியவை கொஞ்சம் கோணலாகத்தான் வரும். அவை சமைத்தவருக்கு.

எட்டு அங்குல சட்டியில் வெண்ணெய் தடவி, நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று தொட்டுக்கொண்டிருக்கும்படி அடுக்குங்கள். இடைவெளி விட்டால் பக்கவாட்டில் பரவும். நெருக்கி வைத்தால் போக வேறு வழியில்லாமல் மேலே எழும்பும். மோரும் சோடாவும் சேர்ந்த உடனே குமிழ் வேலை ஆரம்பமாகிவிடுவதால், 'அப்புறம் சுடலாம்' என்று வைக்காதீர்கள். 15 முதல் 18 நிமிடம். மேல்புறம் பொன்னிறமானதும் எடுத்து, உருக்கிய வெண்ணெயைத் தடவுங்கள்.

எடுக்கும்போது கவனம். கைப்பிடியும் 230 டிகிரியில் இருக்கும். அடுப்பு மேல் எடுத்து வைத்த பிறகும் அது இரும்பின் நிறத்திலேயேதான் தெரியும், சூடு தெரியாது. தனியாக ஒரு துணியைக் கைப்பிடி மேல் சுற்றியே வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

ஓவன் இல்லையா? ஓவன் வராத காலத்தில் அங்கேயும் கனமான இரும்புப் பாத்திரத்தில் வைத்து, மூடி மேல் தணலைப் பரப்பித்தான் சுட்டார்கள். நம் பிரியாணிக்கு தம் போடுகிற அதே வித்தை. கேஸ் அடுப்பில் மேல்சூடு கிடைக்காது. அதற்கு, அரை அங்குல கனத்தில் தட்டி வெட்டி, சட்டியைச் சூடாக்கிப் பிறகு தீயை மிகக் குறைத்து, மூடி போட்டு ஒரு பக்கம் ஏழெட்டு நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் ஆறேழு நிமிடம் சுடலாம். உயரம் வராது, ருசி வரும். ஜார்ஜியா, அலபாமா பக்கம் பிஸ்கட் மாவை முழுசாக ஒரே ரொட்டியாகச் சட்டியில் பரப்பிச் சுடும் வழக்கமும் உண்டு.

தொட்டுக்கொள்ள, அங்கே பன்றி சாசேஜ் வறுத்த கொழுப்பில் மாவும் பாலும் மிளகும் சேர்த்த வெள்ளை கிரேவி பிரபலம். எனக்குப் பிடித்தது அவர்களின் இனிப்பு வகை. சார்கம் என்ற தானியத்தின் இனிப்புத் தண்டைப் பிழிந்து காய்ச்சிய கருஞ்சிவப்புப் பாகு. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அந்தப் பயிர் வேறு யாருமில்லை, நம் சோளத்தின் இனம்தான். அந்தப் பாகு நம் கடையில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, சூடான பிஸ்கட்டில் வெண்ணெயோடு ஊற்றிப் பாருங்கள், ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும்.

மிஞ்சினால் மறுநாள் பிளந்து, அதே சட்டியில் வெண்ணெய் விட்டு, வெட்டிய பக்கம் கீழாக வைத்து வாட்டுங்கள். பிறகு சட்டியை ஊறப்போடாமல், சூடு இருக்கும்போதே துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக் கவிழ்த்துவிடுங்கள். அடுத்த தடவை இன்னும் நன்றாகப் பழகியிருக்கும்.